பாத்து முடிஞ்சுதோ?

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதினாலே பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகும். வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து, "உங்களாலை மறக்கேலாத ஒராளைப் பற்றி எங்கடை மலருக்கு எழுதித் தாங்கோ அம்மா" என்று கேட்டபோது, "எனக்கு அடுப்பிலை வைச்ச உலையே மறக்குது, மறக்கேலாத ஆளுக்கு நான் எங்கை போறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபிறகு என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளையின் முகம் வந்தது. முற்றம் கூட்டும்போதும் வந்தது. அதனால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டர் விசயமும் இதில் வருகிறது. எனக்கு அது தெரியாது. அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே எழுதுகிறேன்.

பேரை எழுதவில்லை. எழுதலாமோ என்று அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்காமல் ஒன்றைச் செய்தால் அவளுக்குப் பிடிக்காது.

நான் ஒரு பால் சங்கத்தில் பால் ஊற்றி வைக்கிற தகரக் கான்களைக் கழுவினேன். கூட்டுவதும் தேத்தண்ணி போடுவதும் என் வேலைதான். காலையிலும் பின்னேரமும் ஆட்கள் சைக்கிளில் பால் கொண்டுவருவார்கள். அளந்து, கொழுப்புப் பார்த்து, யார் எவ்வளவு தந்தார்கள் என்று கொம்பியூட்டரில் அடித்தால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்தத் துண்டுதான் அவர்களுக்குச் சாட்சி. அந்தக் கொம்பியூட்டருக்குப் பொறுப்பாக வந்தவள் அவள். பட்டணத்திலிருந்து, எங்கள் வாயில் ரவுண், பருத்தித்துறை பஸ்ஸில் வந்து இறங்குவாள். முஸ்லிம் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச்சொன்னபோது போன குடும்பம். அவள் புத்தளத்தில் பிறந்து, வளர்ந்தபிறகு தாய் தகப்பனோடு திரும்பி வந்தவள்.

வந்த புதிதிலேயே அவளுடைய பழக்கம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எதையாவது எடுக்க, அழிக்க, மூட, எறிய முதல் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்.

"ஆராவது பாத்துக்கொண்டிருக்கிறியளோ?"

கேட்டுவிட்டு நிற்பாள். அதுதான் முக்கியம். எல்லாரும் கேட்பார்கள். கேட்டுவிட்டு நிற்கிறவர்கள் குறைவு.

சுவரில் கரும்பலகை ஒன்று இருந்தது. காலைப் பாலின் கொழுப்புக் கணக்கை அதில் எழுதுவார்கள். பின்னேரம் அதை அழிக்கவேண்டும். அவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். மாதம் பிறந்தால் கலண்டர் தாளைக் கிழிக்கவேண்டும். அதற்கும் கேட்பாள்.

"போன மாசத்தை ஆராவது பாக்கோணுமோ?"

பால் அளக்கிற அண்ணை பகிடிக்காரன். "கொஞ்சம் பொறு பிள்ளை. போன மாசம் என்ரை மனிசி என்னோடை சண்டை பிடிக்காத நாள் ஒண்டு இருந்தது. அதை ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்பார்.

அவள் சிரிப்பாள். ஆனாலும் அவர் "ம், கிழி" என்று சொல்லும்வரை கிழிக்கமாட்டாள்.

கான் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பிறகு தாய் றோட்டில் லொறியில் அடிபட்டுச் செத்தது. குட்டிகளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது படுத்த சாக்கு மணக்கத் தொடங்கியது. எறிவோம் என்று தூக்கப்போனேன். "மாமி, பொறுங்கோ" என்று ஓடிவந்தாள். குந்தியிருந்து சாக்கின் நுனியைத் தூக்கினாள். உள்ளே ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "பாத்தியளோ, ஒராள் இன்னும் இருக்கிறார்" என்றாள்.

அந்தக் குட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னுடைய அவர் அதற்குப் பால் பருக்கினார். அவரும் அந்தச் சங்கத்துக்குப் பால் கொடுக்கிறவர்தான். ஒரு பசுதான். ஆனாலும் ஒழுங்காகக் கொண்டுவருவார்.

இப்படியான ஆளோடு வேலை செய்வது சிலநேரம் எரிச்சலாகவும் இருக்கும். ஒருவரும் இல்லாத அறையில் சும்மா சுற்றுகிற பங்காவை நிற்பாட்ட முதலும் எட்டிப் பார்த்துக் கேட்பாள். "ஆரிட்டைப் பிள்ளை கேக்கிறாய், பேயிட்டையோ?" என்று ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. கான்களைக் கவிழ்த்து வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் தாயின் கதையைச் சொன்னாள்.

அவளுடைய உம்மா தையல்காரி. போகச்சொல்லி வந்த நாளில் அயல்வீட்டுத் தமிழ்ப் பெட்டை ஒருத்திக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாவாம். ஒரு கை தைத்து முடிந்தது. மற்றக் கை மெசினில், ஊசி துணியில் இறங்கினபடி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு எழும்பவேண்டி வந்தது.

"உம்மா இண்டைக்கும் கேப்பா, மாமி. 'அந்த ஊசியை ஆர் தூக்கியிருப்பினம்? அந்தப் பிள்ளை பிறகு ஆரிட்டைத் தைச்சது?' எண்டு. வாசலிலை வந்து நிண்டவை ஒரு வார்த்தை, 'கையிலை என்ன வேலை, முடிஞ்சுதோ' எண்டு கேட்டிருந்தால் முடியேல்லை எண்டுதான் சொல்லியிருப்பா. எப்பிடியும் போகத்தான் வேணும். ஆனா கேட்டிருக்கலாம்."

இதைச் சொல்லிவிட்டுக் கான் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கிக் கழுவினேன். அன்றிலிருந்து அவள் கேட்பதைப் பற்றி நான் பகிடி பண்ணுவதில்லை.

என்னுடைய அவர் மாரடைப்பில் போனார். எட்டாம் நாள் செய்கிற எட்டுச்செலவுக்கு அவள் வந்தாள். எங்கள் ஆட்கள் நடுவே எங்கே இருப்பது என்று தெரியாமல் கிணற்றடிப் பக்கம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மானிப்பாயிலிருந்து வந்த என் பெறாமகன், அக்காவின் மகன், "சைக்கிள் சும்மா கறள் பிடிக்கும் சின்னம்மா, நான் கொண்டுபோறன்" என்று சொல்லிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவருடைய சைக்கிள். பால் போத்தல் பையின் கயிறு கைபிடியில் அப்படியே கிடந்தது.

அவள் எழும்பி என்னிடம் வந்து காதோடு கேட்டாள்.

"மாமி, பாத்து முடிஞ்சுதோ?"

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு ஆட்கள் பார்த்தால் கதை வராது. "கொண்டுபோகட்டும், பிள்ளை" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பெறாமகன் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

பசுவையும் பிறகு விற்றேன். என்னால் புல்லு அறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் கொம்பியூட்டர் நிரம்பின விசயம் வந்தது.

துண்டு வரச் சுணங்கியது. ஆட்கள் பாலோடு வெயிலில் நின்றார்கள். "பால் தயிராகினாப்பிறகு துண்டு தருவியளோ?" என்று கத்தினார்கள். திரையின் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு கோடு. இடமில்லை என்பதற்கு அடையாளமாம் அது. ஒவ்வொருவரும் கொடுத்த ஒவ்வொரு நேரப் பாலும் ஒரு வரி. சங்கம் தொடங்கின நாளிலிருந்து எல்லா வரியும் உள்ளே இருந்தன.

நிருவாகம் கூடியது. செத்தவர்கள், மாட்டை விற்றவர்கள், வெளிநாடு போனவர்கள் எல்லாருடைய வரிகளையும் அழிப்பது என்று முடிவு. பொருளாளர் பேர்களை வாசித்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். என்னுடைய அவரின் பேர் வந்தபோது பால் அளக்கிற அண்ணை மட்டும் ஒருமுறை செருமினார். பொருளாளர் நிமிராமல் அடுத்த பேரை வாசித்தார். நான் அடுத்த கோப்பையில் ஊற்றினேன்.

அவள் சொன்னபடியே அழித்தாள். ஒவ்வொரு பேருக்கும் கேட்டுக் கேட்டுத்தான் அழித்தாள். ஆனால் சிவப்புக் கோடு அப்படியே நின்றது. ஒரு மயிரளவும் குறையவில்லை.

பொருளாளருக்கு வந்ததே கோபம். "அழிச்சிட்டன் எண்டும் சொல்லுறாய், நிரம்பியிருக்கெண்டும் சொல்லுறாய். உதிலை எது பொய்?"

"ரெண்டும் உண்மை சேர். ஒருக்கா வாங்கோ, காட்டுறன்" என்று அவரைக் கான் பலகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சேர், மாமி இந்தப் பலகை முழுக்கக் கான் கவிட்டு வைச்சிருக்கிறா. இதிலை கொஞ்சக் கானைத் தூக்கினால் பலகை சின்னனாகுமோ?"

"நீ என்னைக் கான் கழுவக் கூட்டிவந்தனியோ?"

"இல்லை சேர். தூக்கின இடம் வெறுமனே கிடக்கும். நாளைக்குப் புதுக் கான் வந்தால் அதிலை வைக்கலாம். ஆனா அதிலை ஒரு வாளியை வைக்க மாமி விடமாட்டா. அது கானுக்கெண்டு பிடிச்ச இடம். கொம்பியூட்டரும் அப்பிடித்தான். அழிச்ச வரியின்ரை இடம் வரிக்கெண்டுதான் கிடக்கும். மற்றதுக்கு வராது. பலகையே சின்னனாகோணுமெண்டால், மிச்சக் கான் எல்லாத்தையும் இறக்கி, வேறை ஒரு சின்னப் பலகையிலை நெருக்கி அடுக்கி, பழைய பலகையைக் கழட்டி எடுக்கோணும். அடுக்கி முடியுமட்டும் ஒருத்தரும் கான் எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது."

எனக்கு நன்றாக விளங்கியது. பொருளாளருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் கான் கொட்டிலில் நின்று விளங்கிக்கொள்ள அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரவுணிலை இருந்து வந்து எங்களுக்குக் கான் அடுக்கப் பழக்கினம்" என்று சொல்லிக்கொண்டு போனார். போகிறபோது திரும்பி, "நாளைக்குக் காலைமைப் பால் முடிய அடுக்கு. பின்னேரப் பாலுக்கு மெசின் ஓடோணும். ஓடாட்டி நாங்கள் வேறை ஆளைப் பாக்கிறம்" என்றார்.

அந்த வேலை போனால் அவர்கள் மறுபடியும் புத்தளத்துக்குத்தான் போகவேண்டும். அதை அவள் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவளுடைய வாப்பா பழைய வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் கூரை போட்டிருந்தார். மற்ற அறைகள் அவளுடைய சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலைப் பால் முடிந்தது. அவள் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொம்பியூட்டரோடு வயரால் பூட்டினாள். மிச்ச வரிகளை அடுக்குவதற்கு வெறும் இடம் அதுதானாம். படலையில் "பால் பின்னேரம்" என்று மட்டை தொங்கவிட்டாள். வேலையைத் தொடங்கினாள். தொடங்கினது அசையவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை.

"என்ன பிள்ளை?"

"ஆரோ பாத்துக்கொண்டிருக்கினம், மாமி."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

"பழைய வரியை ஆரோ திறந்து வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கினம். இண்டைக்கில்லை. எத்தினையோ நாளாய். நான் அழிக்கிறதுக்கு முந்தியே திறந்தது. ஒராள் ஒரு கானைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பலகையைக் கழட்டேலாதெல்லோ? அதுதான் நிக்குது."

பொருளாளர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாளை வெட்டிவிடேலாதோ?"

"ஏலும் சேர். இருந்த இடத்திலையே வெட்டலாம்."

"அப்ப வெட்டு."

"ஆரெண்டு பாத்திட்டு வாறன் சேர்" என்று எழும்பினாள்.

சங்கத் தலைவரின் அறையிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. வயரால் இங்குள்ளதோடு பூட்டியது. தலைவர் தோட்டம் செய்கிறவர். கூட்டம், செத்தவீடு என்றால்தான் வருவார். கூட்டுகிறவள் நான் என்பதால் அறையின் திறப்பு, சாவி, என்னிடம் இருக்கும். அவள் கேட்டாள், திறந்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் ரிவிப் பெட்டிக்கும் தையல் மெசினுக்கும் துணி போட்டு மூடுவது வழக்கம். தலைவரின் மனைவி கொம்பியூட்டருக்கும் ஒரு துணி தைத்துக் கொடுத்திருந்தா. இரண்டு கிளி பின்னின வெள்ளைத் துணி. தலைவர் வேலை முடிந்ததும் அதைப் பக்குவமாகப் போர்த்திவிட்டுப் போவார். மூடினால் முடிந்தது என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பால் குளிராக்குகிற தொட்டிக்காக ஜெனரேட்டர் இருந்தபடியால் சங்கத்தில் கரண்ட் நிற்பதே இல்லை.

அவள் கிளித் துணியைத் தூக்கினாள். கீழே வெளிச்சமாக இருந்தது.

என்னுடைய அவரின் பேர்.

அவருடைய பேரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் பெண்டுகள் சொல்லமாட்டோம். கோயிலில் அருச்சனைக்குக்கூட ஐயரிடம் வேறு யாராவது சொல்லுவார்கள். அந்தப் பேர் திரையில் பெரிதாக நின்றது. கீழே வரி வரியாக அவர் கொண்டுவந்த பால். செத்தவீட்டுக்கு மலர்வளையம் கொண்டுவர முதல், எத்தனை வருச அங்கத்தவர் என்று பார்க்கத் தலைவர் திறந்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கிளித் துணியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

"அழிச்சதெல்லோ பிள்ளை?" என்றேன்.

"அழிச்சாச்சு மாமி. அங்கை இல்லை. ஆனா இது அழிக்கமுதல் திறந்தது. இதுக்கு அவர் இன்னும் இருக்கிறார். இதை மூடுமட்டும் இருப்பார்."

அவள் கை மவுஸ் என்கிற எலிக்கட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடாமல் கையை எடுத்தாள்.

"மாமி, பாத்து முடிஞ்சுதோ?"

இந்தமுறை யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம், பிள்ளை."

தலைவரின் கதிரையை இழுத்துவிட்டாள். அந்தக் கதிரையைத் தூசி தட்டியிருக்கிறேன், ஒருநாளும் அதில் இருந்ததில்லை. இருந்தேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். காலை, பின்னேரம், காலை, பின்னேரம். ஒரு இடத்தில் கொஞ்ச நாளுக்கு வரியே இல்லை. பசு கன்று போட்ட நாட்கள். கடும்புப் பாலைச் சீனி போட்டுக் காய்ச்சி அயலுக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு பின்னேரம் மட்டும் விடுபட்டிருந்தது. அன்று கடும் மழை. போகவேண்டாம் என்று நான்தான் மறித்தேன். இரண்டு பேரும் அந்தப் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு இருந்தோம். வேறு ஒன்றும் கதைத்த ஞாபகம் இல்லை. மழைச் சத்தம்தான்.

வெளியில் பொருளாளர் வந்தது கேட்டது.

"என்ன, தொடங்கியாச்சோ?"

அவள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "இன்னும் இல்லை சேர்."

"ஏன்?"

"ஒராள் பாத்துக்கொண்டிருக்கிறா."

"ஆர்? உதுக்குத்தானே வெட்டச் சொன்னனான்!"

"முடியட்டும், சேர்."

"பால்காரர் வரப்போகினம். மெசின் ஓடாட்டி நாளைக்கு நீ பஸ் ஏறத் தேவையில்லை. விளங்குதோ?"

"விளங்குது, சேர்."

அவ்வளவுதான் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அவர் எட்டிப் பார்க்க, அவள் கொஞ்சம் நகர்ந்து நின்று மறைத்தாள். கட்டையான பிள்ளை அவள். ஆனால் அந்த வாசல் முழுவதும் அவளாகவே இருந்தது. அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார்.

நான் எழும்பினேன்.

"முடிஞ்சுது பிள்ளை, மூடு."

அவள் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். "உண்மையா முடிஞ்சுதோ, மாமி?"

அவளிடம் பொய் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

"முடியேல்லை" என்றேன். "ஆனாலும் மூடு."

மூடினாள். திரை கறுத்தது. அதில் எங்கள் இருவரின் தலையும் தெரிந்தது.

உடனே அடுத்த அறையில் மெசின் இரையத் தொடங்கியது. பால்காரரின் முதல் சைக்கிள் படலைக்குள் வந்தபோது வேலை முடிந்திருந்தது. சிவப்புக் கோடு பச்சையாகிக் கட்டையாக நின்றது. துண்டு வந்த வேகத்தைப் பார்த்துப் பால் அளக்கிற அண்ணை, "மெதுவா பிள்ளை, பால் கறக்கமுதல் துண்டு வந்திடும்" என்றார். பொருளாளர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "உதை முதலே செய்திருக்கலாமே" என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். அதுதான் அவருடைய பாராட்டு. அவள் வேலை தப்பியது.

கிளித் துணியை நான் தோய்த்து மடித்துக் கொடுத்தேன். அதன் நுனியில் அவள் ஒரு கடதாசித் துண்டைக் குண்டூசியால் குத்தியிருந்தாள்: "போர்க்க முதல் மூடவும்." தலைவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து அதை வாசித்துவிட்டு, "இதென்ன, விளங்கேல்லை" என்றார். ஒருவரும் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு என்னோடு அவள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. மத்தியானத்தில் சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து இருப்பாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையில் நான் மரக்கறி என்று தெரிந்து அன்றைக்குத் தானும் மீன் கொண்டுவரமாட்டாள். நான் சாப்பிட்டு முடித்த தட்டைக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

பிறகு சங்கம் ஒரு பெரிய கொம்பனியோடு சேர்ந்தது. கணக்கெல்லாம் இனிக் கொழும்பில், பால்காரருக்குப் போனிலேயே செய்தி வரும் என்றார்கள். எங்களுக்கு அது பெரிதாக விளங்கவில்லை. யாருக்கு வேலை இல்லாமல் போகும் என்றும் விளங்கவில்லை.

ஒருநாள் கண் காட்ட மானிப்பாய் ஆசுபத்திரிக்குப் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டபடியால் பின்னேரம்வரை எல்லாம் புகையாகத் தெரிந்தது. அடுத்தநாள் சங்கத்துக்குப் போனால் அவளுடைய மேசையில் ஒன்றுமில்லை. நான் ஆசுபத்திரிக்குப் போன நாளில்தான் கொம்பியூட்டரை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவளுக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று காலையில்தான் சொன்னார்களாம்.

"உன்னைத்தான் தேடினவள்" என்றார் பால் அளக்கிற அண்ணை. அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. "கான் கொட்டிலுக்கும் போய்ப் பாத்தவள். கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகுமட்டும் நிண்டவள்."

கலண்டரில் போன மாதத் தாள் அப்படியே இருந்தது. மாதம் பிறந்துவிட்டது. யாரும் கிழிக்கவில்லை. நானும் கிழிக்கவில்லை.

அவர்கள் குடும்பம் மறுபடியும் புத்தளத்துக்குப் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். இல்லை, ரவுணில்தான் இருக்கிறார்கள், இரண்டாவது அறைக்கும் கூரை போட்டாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். ஒருமுறை ரவுணுக்குப் போனபோது அந்தத் தெருவரைக்கும் நடந்தேன். எந்த வீடு என்று தெரியாது. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது முழங்கால் ஏலாது. நான் வேலைக்குப் போவதில்லை. பின்னேரத்தில் பால் வான் எங்கள் றோட்டால் போகும். நாய் எழும்பிப் படலைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கும். அந்தக் குட்டிதான், இப்போது கிழட்டு நாய். வீட்டில் ஒரு கோப்பை, ஒரு தட்டு. நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அதை எடுக்கலாமோ என்று கேட்க ஒருவரும் இல்லை.

அவள் போக முதல் மட்டும், பாத்து முடிஞ்சுதோ என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மலர் செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் எழுதினதில் கொம்பியூட்டர் விசயம் பிழையாக இருக்கலாம். படித்த ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பியுங்கள். கான் பலகைக் கதை சரியோ, அழிச்சாலும் இடம் உடனே வராது என்பது சரியோ என்று பார்க்கட்டும். பிழையென்றால் வெட்டிவிடலாம், குறை நினைக்கமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் வடிவாக விசாரித்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அழிக்கமுதல் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஒராள் இருந்தால், அந்த ஆள் மூடுமட்டும் அது அங்கே இருக்கும் என்று அவள் சொன்னாள். அது உண்மைதானோ?

எனக்கு இன்னும் பார்த்து முடியவில்லை.